கேம்பர் வேனில் நீலகிரி, முதுமலை: ஐந்து நாள் வாடகைக்கு எடுத்த அனுபவம்

வண்டி எப்படி என்று கேட்டால், நல்ல வண்டி. வாடகைக்கு விட்டவர்கள் எப்படி என்று கேட்டால் பதில் கொஞ்சம் நீளம். பொங்கல் கழிந்த வாரம் நானும் வீட்டுக்காரரும் கோவையில் ஒரு கேம்பர் வேனை ஐந்து நாளைக்கு எடுத்து, கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் வழியாக முதுமலைக்குப் போய், மசினகுடியில் இரண்டு ராத்திரி தங்கி, கல்லட்டி மலைப்பாதை ஏறித் திரும்பி வந்தோம். ஊருக்கு வந்ததிலிருந்து பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள், எடுக்கலாமா, தூங்க முடிகிறதா, எவ்வளவு ஆச்சு என்று. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதற்குப் பதில் மொத்தத்தையும் எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளை அவர்களிடமே நேரில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன், திருத்திக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். அதுவும் போக, நான் சொல்லப்போவதில் பாதி, இப்படி வேன் விடுகிற யாரிடமும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

முதலில் வண்டி. டெம்போ டிராவலரை உள்ளே மாற்றிக் கட்டியது. பின்பக்கம் குறுக்கே கட்டில், நாலு இன்ச் மெத்தை. என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி உண்டு, மெத்தை எப்படி இருக்குமோ என்ற கவலையில்தான் கிளம்பினோம், ஆனால் நாலு ராத்திரியும் நன்றாகத் தூங்கினார். காலை நீட்டிப் படுக்க ஐந்தே முக்கால் அடிக்காரருக்கு இடம் சரியாக இருக்கிறது, ஆறடிக்கு மேல் என்றால் கோணலாகப் படுக்க வேண்டும். ஒரு பக்கம் சின்ன அடுப்பு மேடை, சிங்க், கீழே குட்டி ஃப்ரிட்ஜ். எதிர்ப்பக்கம் மடக்கு மேசை. கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. ஃப்ரிட்ஜ் ராத்திரி பகலாக ஓடி, இரண்டு விளக்கு எரிந்து, இரண்டு போன் சார்ஜ் ஏறியும் காலையில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. தை மாத வெயிலுக்குப் பத்து பதினொரு மணிக்கெல்லாம் மறுபடி ஏறிவிடும். மழைக்காலத்தில், ஊட்டி மூட்டத்தில் இந்தக் கணக்கு வராது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர், கழிவுநீர்த் தொட்டி 60 லிட்டர், கையில் தூக்கிப் போய்க் கொட்டுகிற மாதிரி ஒரு டாய்லெட். டாய்லெட்டைப் பற்றி எல்லாரும் கூச்சத்தோடு கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: சுத்தமாக இருந்தது, வாடை இல்லை, ராத்திரி அவசரத்துக்குப் போதும். காலைக்கடனுக்கு வெளியே ஒரு பாத்ரூம் கிடைக்கிற இடத்தில் வண்டியை நிறுத்துவதுதான் வசதி.

வண்டியை ஒப்படைத்த தம்பி பொறுமைசாலி. முக்கால் மணி நேரம் ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் போட்டுக் காட்டினார், நானே ஒருமுறை எல்லாவற்றையும் செய்து காட்டும்வரை விடவில்லை. டயர் நாலும் புதிது. பிரேக் பேட் மாற்றிய ரசீதைக் கேட்காமலே எடுத்துக் காட்டினார். நம்பர் பலகை கருப்பில் மஞ்சள் எழுத்து. இதைக் கட்டாயம் பாருங்கள். நாமே ஓட்டிப்போக வாடகைக்கு விடும் வண்டிக்கு அந்தப் பலகைதான் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியைக் கம்மி வாடகைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எடுக்காதீர்கள், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். என்னிடம் இருப்பது கார் ஓட்டுகிற சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் அதுவே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது, அதனால் மலை முழுக்க நான்தான் ஓட்டினேன். அவர் சமையல்.

இதுவரைக்கும் முழு மார்க் போடலாம். கிளம்பும்போது அந்தத் தம்பி சொன்ன மூன்று விஷயங்களில்தான் எனக்குச் சண்டை.

ஒன்று, அன்போடு ஒரு அட்டைப்பெட்டி நிறைய அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏற்றிவிட்டார்கள், இலவசம் என்று. நீலகிரியில் அந்த பாட்டிலுக்குத் தடை இருப்பது ஊருக்கே தெரியும். குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி மொத்தப் பெட்டியையும் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்த அம்மா திட்டவில்லை, "கேன் கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றுதான் கேட்டார், ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. மலைக்குச் சுற்றுலா அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாமா? ஊட்டியில் காசு போட்டால் தண்ணீர் வருகிற இயந்திரங்கள் ஆங்காங்கே இருக்கின்றன. ஒரு இருபது லிட்டர் கேனும் இரண்டு எவர்சில்வர் பாட்டிலும் வண்டியோடு கொடுத்தால் போதும்.

இரண்டாவது, ராத்திரி எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்கு, "மசினகுடி பக்கம் ஆத்தோரமா எங்க வேணாலும் நிறுத்திக்கலாம் அக்கா, காலைல கண்ணு முழிச்சா மான் நிக்கும்" என்றார். அவர்களுடைய விளம்பரப் படத்திலும் அப்படித்தான் இருக்கிறது, காட்டுக்கு நடுவே வேன், பக்கத்தில் நாற்காலி, நெருப்பு. அந்தப் படம் தப்பு. முதுமலை 1940-ல் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமானது. மையப்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர், அதற்குள் 103 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் பந்திப்பூர், இந்தப் பக்கம் வயநாடு என்று எல்லாம் ஒரே காடாக ஒட்டிக் கிடக்கிறது. அதில் பொதுச்சாலையில் கடந்து போகலாம், அவ்வளவுதான். சாலையோரம் நிறுத்தி இறங்கினாலே அபராதம். ராத்திரி வண்டியில் படுப்பது, அடுப்பு மூட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலையில் ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை நம்மைப் போன்ற வண்டிகளுக்குப் போக அனுமதி கிடையாது, 2009-லிருந்து அப்படித்தான். நீலகிரியில் இன்னொரு தேசியப் பூங்கா முக்கூர்த்தி, வரையாடுகள் இருக்கும் இடம், அங்கே வேனைக் கொண்டுபோவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கோபம் வந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் ராத்திரி கோத்தகிரி. தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு ஹோம்ஸ்டே வாசலில் நிறுத்திக்கொள்ள 600 ரூபாய், பாத்ரூம் உட்பட. பக்கவாட்டில் இழுத்துவிடும் பந்தலைப் போட்டு வெளியே சமைக்கலாம் என்று அடுப்பை எடுத்து வைத்தோம். அந்த வீட்டுப் படுகர் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "கண்ணு, எண்ணெய், வெல்லம், நெய் ஒண்ணும் வெளிய வைக்காதே, கரடி வரும்" என்றார். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி கதவை உடைத்துப் பேக்கரிக்குள் போவது, கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது எல்லாம் பேப்பரில் அடிக்கடி வருகிற செய்திதான். எங்களுக்கும் தெரியும், ஆனால் நம் வாசலுக்கு வரும் என்று தோன்றவில்லை. எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டு, பந்தலுக்குக் கீழே சிந்தியதைத் துடைத்துவிட்டுப் படுத்தோம். கரடி வரவில்லை. அந்தப் பாட்டி சொல்லியிருக்காவிட்டால் நெய் டப்பா ராத்திரி முழுக்க வெளியே இருந்திருக்கும்.

அங்கேதான் சமையல் சங்கதியும் தெரிந்தது. பாத்திரம் எல்லாம் கொடுத்திருந்தார்கள், குக்கர் இல்லை. உயரம் போகப்போகத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதியில் சூடு குறைவு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கோத்தகிரியில் துவரம்பருப்பை ஏழு மணிக்கு அடுப்பில் வைத்தார், எட்டரைக்கும் பருப்பு நகத்தில் அழுத்தினால் இரண்டாகத்தான் பிளந்தது, மசியவில்லை. கேஸ் வீண். கடைசியில் தயிர் சோறும் ஊறுகாயும். மறுநாள் ஊட்டி மார்க்கெட்டில் மூன்று லிட்டர் குக்கர் ஒன்று வாங்கிவிட்டோம், அதன் பிறகு பிரச்சினை இல்லை. வேன் எடுப்பவர்கள் வீட்டுக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஊட்டியில் இரண்டாவது ராத்திரி. இதை விரிவாகச் சொல்ல வேண்டும். சாலையோரம் நிறுத்தப் பார்த்தோம், ரோந்து வந்த போலீஸ்காரர் நல்ல முறையில் எடுக்கச் சொன்னார். அப்புறம் இரண்டு மூன்று லாட்ஜ் கேட்டு, ஒரு இடத்தில் 500 ரூபாய்க்கு வளாகத்துக்குள் நிறுத்த விட்டார்கள். உறைபனிக் காலம். குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் இறுக்கி மூடி, உள்ளேயே டீ போட்டுக் குடித்து, இரண்டு கம்பளியைப் போர்த்திப் படுத்தோம். மூன்று மணி இருக்கும், என் நெற்றியில் சொட்டு விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து விளக்கைப் போட்டால், கூரையின் இரும்புச் சட்டம் முழுக்கக் கடுகு கடுகாக நீர்த்துளி, கண்ணாடிகளில் வழிந்து ஜன்னல் ஓரத்து ரப்பரில் வாய்க்கால் மாதிரி நிற்கிறது, தலையணையின் சுவர்ப்பக்கம் நனைந்திருக்கிறது. "ஏனுங்க, எந்திரிங்க" என்று அவரை எழுப்பினேன். அவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மூச்சு கண்ணு" என்றார். உண்மைதான். இரண்டு பேர் விடுகிற மூச்சு, டீ போட்ட ஆவி, எல்லாம் போக வழியில்லாமல் சில்லென்ற தகரத்தில் படிந்து சொட்டுகிறது.

கூரைக் காற்றுப்போக்கியை இரண்டு விரல் அளவு திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் கொஞ்சம் விட்டுவைத்தால் போதும். குளிர் கொஞ்சம் கூடும், ஆனால் காய்ந்த குளிர், கம்பளிக்குள் தெரியாது. மசினகுடியில் அப்படித்தான் செய்தோம், ஒரு சொட்டு இல்லை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நனைந்த மெத்தை மட்டும்தான் நஷ்டம் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். குளிருக்கு மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி எழாமலே போனவர்கள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உண்டு. வேன் என்பது அறையைவிடச் சின்னப் பெட்டி. கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வதும் அதே ஆபத்துதான். வண்டியில் கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் இருந்தது, மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் சேருகிற விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது நான் முதலில் சொன்னது இதைத்தான். விலை பெரிதில்லை, ஒரு நாள் வாடகைக்குள் வாங்கிவிடலாம். "காற்றுப்போக்கியை மூடாதீர்கள், உள்ளே அடுப்பு வைத்துத் தூங்காதீர்கள்" என்று கட்டில் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை ஒட்டச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பைக்காரா, நடுவட்டம், கூடலூர். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி குறைவான தூரம்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை, ஏற மட்டும் விடுகிறார்கள். எத்தனையோ பேர் பிரேக் பிடிக்காமல் விழுந்த பாதை, அந்தத் தடை நியாயமானது. வழிகாட்டும் ஆப் கல்லட்டியைத்தான் காட்டும், கேட்காதீர்கள், கூடலூர் சுற்றிப் போங்கள். சுற்றினாலும் ஊசிமலைக்குப் பிறகு வருகிற இறக்கம் லேசுப்பட்டதில்லை. இரண்டாவது கியரிலேயே விட்டேன், பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி. எனக்கு முன்னால் போன காரிலிருந்து பிரேக் கருகும் வாடை எங்கள் வண்டிக்குள் வந்தது, எங்கள் வண்டியில் அந்த வாடை கடைசிவரை வரவில்லை. கிளம்பும்போது தொட்டியை நிரப்பியிருந்தால் 100 லிட்டர், அதாவது நூறு கிலோ, வளைவில் அது ஒரு பக்கம் சாய்ந்து தள்ளுவது ஸ்டீயரிங்கில் தெரியும். மலை ஏறும்போதும் இறங்கும்போதும் கால் தொட்டித் தண்ணீர் போதும், தங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

தொரப்பள்ளி சோதனைச்சாவடி தாண்டியதும் காடு. நிறுத்தாதே, ஹார்ன் அடிக்காதே, எதுவும் தின்னக் கொடுக்காதே என்று பலகைகள். வேனில் இருப்பதால் ஒரு நன்மை, உயரமாக உட்கார்ந்திருக்கிறோம், சாலையோரப் புதருக்கு மேலே பார்வை போகிறது. அந்தப் புதர் முக்கால்வாசி உண்ணிச்செடி, வெளியிலிருந்து வந்து காட்டையே பிடித்துக்கொண்ட செடி, மான் மாடு தின்னாது, அதற்குக் கீழே புல்லும் வளராது. இன்னொன்று மஞ்சள் கொன்றை மாதிரிப் பூக்கிற சென்னா மரம். பார்க்க அழகாக இருக்கும், அதுவும் அந்நிய மரம்தான். அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலையை வனத்துறை செய்துவருகிறது. வெட்டிய இடங்களில் புல் எழும்பியிருக்க, அங்கேதான் புள்ளிமான் கூட்டமாக நின்றது. பார்க்கவே வயிறு குளிர்ந்தது.

தெப்பக்காட்டுப் பாலம் தாண்டி மசினகுடி சாலையில் மூன்றாவது நாலாவது கிலோமீட்டரில் எதிரே ஒரு டிராக்டர் நின்றிருந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தாய் யானையும் குட்டியும். நான் ஐம்பது அடி தள்ளியே நிறுத்தினேன், இன்ஜினை அணைக்கவில்லை, ஹார்னைத் தொடவில்லை. தாய் சாலையோரப் புல்லைத் தும்பிக்கையால் சுருட்டி, வேரோடு பிடுங்கி, மண் போக முன்னங்காலில் இரண்டு தட்டுத் தட்டி வாயில் போட்டது. மறுபடி பிடுங்கி மறுபடி தட்டியது. குட்டி அதே மாதிரி செய்யப் பார்த்தது, புல் வரவில்லை, தும்பிக்கையை ஆட்டிவிட்டு அம்மா வயிற்றுக்கு அடியில் போய் நின்றுகொண்டது. வண்டிக்குள் சிங்கில் கிடந்த கரண்டி இன்ஜின் அதிர்வில் கிண்கிணி என்று ஆடுவதுதான் சத்தம். அவர் மெதுவாகக் கையை நீட்டி அந்தக் கரண்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் வந்து நின்ற கார்க்காரர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார், தாய் காதை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது, என் கை வேர்த்துவிட்டது. டிராக்டருக்குப் பின்னாலிருந்த வனக்காவலர் அண்ணன் கையைக் காட்டி அவரை அடக்கினார். ஏழெட்டு நிமிஷம் கழித்து இரண்டும் இடப்பக்கம் இறங்கிப் போயின. வேனுக்கு ரிவர்ஸ் கேமரா இருந்தும் பின்னால் வண்டி நின்றால் போக இடமில்லை, அதனால் எப்போதும் முன்னால் நிறையவே இடைவெளி விடுங்கள்.

மசினகுடியில் இரண்டு ராத்திரியும் அனுமதி உள்ள ஒரு வீட்டு வளாகத்தில் நின்றோம், ராத்திரிக்கு 800. அந்த வீட்டு அண்ணன்தான் விவரம் சொன்னார். சீகூர் பீடபூமி யானைகள் கடந்து போகிற பாதை. அதில் கட்டியிருந்த ரிசார்ட்டுகளை 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள், 2020-ல் வந்த தீர்ப்பும் யானைகள் பக்கமே நின்றது. "ரிசார்ட்டையே மூடுன எடத்துல, வேனக் கொண்டாந்து ஆத்தோரம் நிறுத்துனா யான எங்க போவும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வாடகைக்கு விடுபவர்களிடம் இருக்க வேண்டும்.

வேன் இருக்கிறது என்பதற்காகக் காட்டுக்குள் நாமாக ஓட்டிப் போக முடியாது. சஃபாரி வனத்துறை வண்டியில்தான், தெப்பக்காட்டில் டிக்கெட். நாங்கள் போனதில் காட்டுமாடு, கடமான், மயில், தூரத்தில் செந்நாய் இரண்டு. புலி இல்லை, அதில் வருத்தமும் இல்லை. யானைகள் முகாமில் காலைச் சாப்பாடு கொடுப்பதைப் பார்த்தோம். கேழ்வரகுக் களியும் கொள்ளும் வெல்லமும் பிசைந்து தேங்காய் அளவுக்கு அல்ல, இளநீர் அளவுக்கு உருண்டை பிடிக்கிறார்கள். ஒவ்வொரு யானைக்கும் அளவு தனி, மருந்து தனி, பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாகன் உருண்டையை வாய்க்குள்ளேயே கையை விட்டு வைக்கிறார். சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவது போலத்தான் இருந்தது.

இப்போது அந்த மூன்றாவது விஷயம். சிங்க் தண்ணீர் சேருகிற 60 லிட்டர் தொட்டிக்கு அடியில் ஒரு திருகு குழாய். நிரம்பினால் என்ன செய்ய என்று கேட்டபோது அந்தத் தம்பி, "காட்டுப்பக்கம் ஓரமா நிறுத்தித் திறந்துவிட்டுருங்க அக்கா, எல்லாரும் அப்படித்தான்" என்றார். நான் அப்போது சும்மா கேட்டுக்கொண்டேன். காட்டுக்குள் போய் அந்தத் தாயையும் குட்டியையும் பார்த்த பிறகு அந்த வார்த்தை நெஞ்சிலேயே நின்றது. அந்தத் தொட்டியில் இருப்பது சோறு வடித்த கஞ்சி, சோப்பு, எண்ணெய், சாம்பார் கழுவிய தண்ணீர். உப்பும் புளியும் கலந்த அந்த வாடைக்கு யானை, கரடி, பன்றி எல்லாம் சாலையோரம் வரும். வந்து பழகினால் வண்டியில் அடிபடும், இல்லை மனுஷனை அடிக்கும். அந்தச் சோப்புத் தண்ணீர் ஓடிப்போய்ச் சேருவது மாயாற்றில். இந்தக் குழாயும் சரியாக மூடாமல் வளைவுகளில் சொட்டிக்கொண்டே வந்தது என்பதை மசினகுடியில் குனிந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். என் வீட்டுக்காரர் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றிக் கட்டினார். தொட்டியை அந்த வீட்டு உறிஞ்சு குழியில் கேட்டுக்கொண்டு காலி செய்தோம், ஊட்டியில் லாட்ஜ் சாக்கடையில். கேட்டால் எல்லாரும் விடுகிறார்கள். கேட்காமல் காட்டில் திறந்துவிடுவது பாவம், தெரிந்தே செய்கிற பாவம்.

ஐந்தாம் நாள் கல்லட்டி ஏற்றம். தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டுக் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். முதல் கியரும் இரண்டாவதும்தான், வளைவில் எதிரே வருகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம், உள்ளூர் ஜீப்காரர்கள் அதை மதிக்கிறார்கள். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை. அலமாரிக் கதவு ஒன்று பதினேழாவது வளைவில் திறந்து தட்டெல்லாம் கொட்டியது, அதன் கொக்கி முன்பே வளைந்திருந்தது போல. மேலே வந்து வர்க்கி வாங்கிக்கொண்டு, குன்னூர், பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டோம்.

கணக்கு: வாடகை ஒரு நாளைக்கு 6,500, ஐந்து நாளைக்கு 32,500. சுமார் 330 கிலோமீட்டருக்கு டீசல் 3,500. நிறுத்தக் கட்டணம் நாலு ராத்திரிக்கு 2,700. ஆக 38,700, சாப்பாட்டுச் சாமான், சஃபாரி தனி. சொந்தக் காரில் போய் நடுத்தர அறை எடுத்திருந்தால் இதில் பாதிக்குள் முடிந்திருக்கும். காசு மிச்சம் பிடிக்க வேன் எடுக்காதீர்கள், மிச்சமாகாது. எங்கே நின்றாலும் நம் படுக்கை, நம் டம்ளர், நினைத்தபோது ஒரு டீ, அவருக்கு இடுப்பு பிடித்தால் பகலிலும் நீட்டிப் படுக்க ஓர் இடம், கூட யாரும் இல்லாமல் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்டே போவது, இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் காசு. இருபத்தி இரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இருவர் மட்டும் ஐந்து நாள் சேர்ந்து இருந்தது இதுதான் முதல் தடவை, எனக்கு அது போதும்.

போவதென்றால் மலைக்கு வண்டி வர ஆன்லைனில் வாங்கும் அனுமதியான இ-பாஸை நீங்களே வண்டி நம்பரைப் போட்டு எடுங்கள், அவர்கள் எடுத்துத் தருவார்கள் என்று இருக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீதிமன்றம் அளவும் வைத்தது, அதனால் சீசனில் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். நாலு ராத்திரிக்கும் நிறுத்தும் இடத்தைக் கிளம்பும் முன்பே போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். இருட்டுவதற்கு முன் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று முதலாளியே இருந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார், நோட்டில் எழுதிக்கொண்டார். தொட்டிக் குழாயைக் குனிந்து தானே பார்த்து, அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, இனி யாருக்கும் அப்படிச் சொல்லாதே என்றார். ஆற்றோரப் படத்தை எடுத்துவிடுவதாகவும் சொன்னார், இதை எழுதும்வரை எடுக்கவில்லை. டெபாசிட் 15,000 நாலாம் நாள் கணக்கில் வந்துவிட்டது, கொக்கிக்கு ஒரு பைசா பிடிக்கவில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிவிட்டேன் என்று நேற்று போட்டோ அனுப்பியிருந்தார். படத்தில் அது அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது, கட்டில் பக்கம் தலைமாட்டுக்கு அருகில் மாற்றுங்கள் அண்ணா என்று பதில் போட்டிருக்கிறேன்.